கப்ஸ் வரிசையில் சிக்கிய வேலை அழித்தாலும் திரும்ப வருகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் அலுவலகத்தில் டெபியன் லினக்ஸ் ஓடும் சர்வர் ஒன்றில் கப்ஸ் (அச்சு வேலைகளை வரிசைப்படுத்தி பிரிண்டருக்கு அனுப்பும் மென்பொருள்) வைத்து, ஒரே லேசர் பிரிண்டரை எல்லோரும் பகிர்ந்துகொள்கிறோம். யாரோ அனுப்பிய பெரிய பிடிஎஃப் ஒன்று பாதியில் நின்றுவிட்டது. அதன் பின்னால் சம்பளப் பட்டியல் உட்பட மற்றவர்களின் வேலைகள் காத்துக் கிடக்கின்றன.

வரிசையைக் காட்டும் எல்பிஸ்டாட் கட்டளையில் வேலை எண்ணைப் பார்த்து, ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) கேன்சல் கட்டளை கொடுத்தேன். வரிசையிலிருந்து போய்விட்டது. பிரிண்டர் நிறுத்தப்பட்ட நிலையில் இருந்ததால், அதை மறுபடி இயக்கும் கப்ஸ்எனேபிள் கட்டளை கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அதே பிடிஎஃப் புது எண்ணோடு வந்து, மறுபடி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. எண் மாறுவதால், சர்வரில் மிச்சமிருக்கும் கோப்பு இதற்குக் காரணமில்லை, யாருடைய கணினியிலோ உள்ள வரிசைதான் விடாமல் திருப்பி அனுப்புகிறது என்று நினைக்கிறேன். இது சரியா? கப்ஸுக்கு வந்த கோரிக்கைகளைப் பதியும் ஆக்ஸஸ் லாகில் ஐபி முகவரியை வைத்து அந்தக் கணினியைக் கண்டுபிடிப்பதுதான் நல்ல வழியா?

கப்ஸை நிறுத்திவிட்டு வேலைகளைச் சேமித்துவைக்கும் ஸ்பூல் கோப்புறையில் உள்ள சி, டி என்று தொடங்கும் கோப்புகளை மொத்தமாக அழிக்கலாம் என்கிறார்கள். அப்படிச் செய்தால் காத்திருக்கும் மற்ற வேலைகளும் போய்விடும். அது வேண்டாம். பிறர் நேரத்தை வீணாக்க எனக்கு மனமில்லை.

அப்புறம் இன்னொன்று: பிழை வந்தால் என்ன செய்வது என்னும் கப்ஸின் பிழைக் கொள்கையை, பிரிண்டரை நிறுத்துவதற்குப் பதிலாக அந்த வேலையை மட்டும் கைவிடும்படி மாற்றினால் இனி வரிசை அடைபடாமல் இருக்குமா? பகிர்ந்த பிரிண்டரில் அப்படி வைத்திருப்பவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.