'வரி ஏறாது' என்று வாட்ஸ்ஆப்பில் பரப்புகிறவர்களுக்கு ஒரு கேள்வி

வரிக்குதிரை:
டாலஸ் வடக்குப் பக்கத் தமிழ்ப் பெற்றோர் குழுவில் நேற்று ஒரு செய்தி சுற்றியது: "பள்ளிக் கட்டட பாண்டுக்கு 'ஆம்' போடுங்கள், வரி ஒரு காசுகூட ஏறாது." பாண்ட் என்றால் ஓட்டெடுப்பில் சம்மதம் வாங்கிப் பள்ளி மாவட்ட நிர்வாகம் எடுக்கிற கடன், நம் சொத்து வரியில் அடைப்பது. இன்று முன்கூட்டி வாக்களிக்க நூலகம் போனேன். வாக்குச்சீட்டில் கேள்வியோடு சேர்த்து கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது: "இது சொத்து வரி உயர்வு." ஏறாத வரிக்கு எதற்குக் கொட்டை எழுத்து? எழுதியவர் வந்து பதில் சொல்லட்டும்.

மூணாங்கிளாஸ் அம்மா:
எழுதியது நான்தான். எங்கும் ஓடிவிடவில்லை. அந்த வாசகத்தைப் போடச் சொன்னது டெக்சஸ் சட்டமன்றம், 2019-ல், ஹவுஸ் பில் 3 என்ற சட்டத்தில். வரி வீதம் ஏறினாலும் ஏறாவிட்டாலும் பள்ளி பாண்ட் என்றால் அது அச்சாகும். பழைய கடன் அடைய அடைய அந்த இடத்தில் புதுக் கடன் உட்காரும், வீதம் அப்படியே இருக்கும் என்றுதான் நம் பள்ளி மாவட்டம் சொல்கிறது. என் மகள் போர்ட்டபிள் என்கிற தற்காலிகக் கொட்டகை வகுப்பறையில் படிக்கிறாள். மழை வந்தால் கூரைச் சத்தத்தில் டீச்சர் பேசுவது கேட்காது. அன்றைக்கெல்லாம் படம் வரைகிற பீரியடுதான்.

வரிக்குதிரை:
மழைக்கதை அப்புறம். சட்டமே 'உயர்வு' என்கிறது, நீங்கள் இல்லை என்கிறீர்கள். யார் பெரிய ஆள்? பழைய கடன் அடைந்தால் வீதம் இறங்க வேண்டும். இறங்க வேண்டியது இறங்காவிட்டால் அதற்குப் பெயரும் உயர்வுதான். வீட்டு மதிப்பை வேறு வருஷா வருஷம் ஏற்றுகிறார்கள். கொட்டை எழுத்து, அம்மா, கொட்டை எழுத்து.

கோபிச்செட்டிப்பாளையம்:
மதிப்பு ஏறினால் குடியிருக்கும் வீட்டுக்கான பள்ளி வரி விலக்கும் ஏறுகிறதே சார். 2023-ல் 40,000 டாலரிலிருந்து ஒரு லட்சம், 2025-ல் 1,40,000. 5,40,000 டாலர் வீடு என்றால் பள்ளி வரி 4 லட்சத்துக்குத்தான். வீதத்தில் நூறு டாலர் மதிப்புக்கு ஒரு சென்ட் ஏறினாலும் வருஷத்துக்கு 40 டாலர். நீங்கள் மாசா மாசம் காபிக்குக் கொடுப்பது அதைவிட அதிகம்.

வரிக்குதிரை:
என் காபிக்கு ஓட்டெடுப்பு நடத்தவில்லையே! பக்கத்து ஆலனில் என்ன நடந்தது? 2009-ல் 119 மில்லியன் டாலர் பாண்ட், அதில் 60 மில்லியனுக்கு 18,000 பேர் உட்காரும் ஃபுட்பால் ஸ்டேடியம். 2012-ல் திறந்தார்கள், 2014-ல் கான்கிரீட் விரிசல் என்று மூடினார்கள். பிள்ளைகள் படிக்கத்தான் பாண்டாம்.

மூணாங்கிளாஸ் அம்மா:
2015-ல் திரும்பத் திறந்ததை மட்டும் விட்டுவிட்டீர்கள். இப்போது ஸ்டேடியத்துக்குத் தனிக் கேள்வி கேட்டாக வேண்டும். பிடிக்காவிட்டால் அதற்கு மட்டும் 'இல்லை' போடுங்கள். வகுப்பறை என்ன பாவம் செய்தது?

வரிக்குதிரை:
அதற்குக் கீழேயும் அதே கொட்டை எழுத்துதான் இருக்கிறது. கட்டடத்துக்குக் கொட்டுகிற காசை டீச்சர் சம்பளத்துக்குக் கொடுங்கள், ஆதரிக்கிறேன்.

கோபிச்செட்டிப்பாளையம்:
பாண்ட் பணத்தைச் சம்பளத்துக்குத் தொட முடியாது. இரண்டும் வேறு வேறு வரி. இது தெரியாமலா இத்தனை நாள் பேசுகிறீர்கள்?

வரிக்குதிரை:
எல்லாம் தெரியும். பொங்கல் விழாக் கணக்கை இன்றுவரை காட்டாதவர் எனக்கு வரிப்பாடம் எடுக்க வேண்டாம்.

கோபிச்செட்டிப்பாளையம்:
சாப்பாட்டு டோக்கன் கணக்கை மார்ச்சிலேயே அனுப்பிவிட்டேன். மெயில் திறந்து பார்க்கிற பழக்கம் உண்டா?

ரிட்டயர்டு அப்பா:
தம்பிகளா, சண்டை வேண்டாம். நானும் 'இல்லை'தான். ஃப்ரிஸ்கோவில் 2024 நவம்பரில் பாண்டைத் தோற்கடித்தார்கள், ஊர் ஒன்றும் முழுகிவிடவில்லை. பிள்ளைகள் எண்ணிக்கையே குறைந்து வரும்போது புதுக் கட்டடம் யாருக்கு?

மூணாங்கிளாஸ் அம்மா:
ஐயா, மரியாதையோடு கேட்கிறேன். 65 தாண்டியவர்களுக்குக் குடியிருக்கும் வீட்டின் பள்ளி வரி அதே தொகையில் நின்றுவிடும். உங்களுக்கு ஏறப்போவதே இல்லை. பிறகு ஏன் குறுக்கே நிற்கிறீர்கள்?

ரிட்டயர்டு அப்பா:
வயதைச் சொல்லிக் காட்டுகிறாயா அம்மா? என் இரண்டு பிள்ளைகளும் இங்கேதான் படித்தார்கள். அப்போதும் போர்ட்டபிள் இருந்தது. டாக்டராகவில்லையா?

க்யூவில் நிற்பவன்:
பதினொரு வருஷமாக வரி கட்டுகிறேன். கிரீன்கார்டே வரவில்லை, ஓட்டு எங்கே? ஓட்டு உள்ளவர்கள் எழுத்தின் பருமனைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். நடக்கட்டும்.

வரிக்குதிரை:
உங்களுக்காகத்தான் தம்பி நான் போராடுகிறேன்.

க்யூவில் நிற்பவன்:
எனக்காகவா? என் பையனும் அந்த போர்ட்டபிளில்தான் சார் உட்கார்ந்திருக்கிறான்.

கோபிச்செட்டிப்பாளையம்:
சரி, நூலகத்தில் பார்த்தீர்களே, திரையைப் படம் எடுத்துப் போடுங்களேன் வரிக்குதிரை சார். எவ்வளவு கொட்டை என்று நாங்களும் பார்க்கிறோம்.

வரிக்குதிரை:
வாக்குச்சாவடிக்கு 100 அடிக்குள் போன் எடுக்கக் கூடாது. சட்டம் தெரியுமா?

கோபிச்செட்டிப்பாளையம்:
ஆக, ஆதாரம் இல்லை.

மூணாங்கிளாஸ் அம்மா:
ஆதாரம் எதற்கு? வாசகம் இருக்கிறது என்று நானே முதலில் சொன்னேனே. அது ஏன் இருக்கிறது என்பதுதான் பேச்சு.

வரிக்குதிரை:
ஒத்துக்கொண்டீர்கள் பாருங்கள்! அதுவும் கொட்டை எழுத்தில். கவுண்டியின் மாதிரி வாக்குச்சீட்டை இறக்கி வைத்திருக்கிறேன், மஞ்சள் அடித்து இன்று இரவு ஏழு குழுவிலும் போடுகிறேன்.

கோபிச்செட்டிப்பாளையம்:
அப்படியே டோக்கன் கணக்கு மெயிலுக்கும் மஞ்சள் அடியுங்கள்.