அப்பாவின் கடிதம் பனியில் நனைந்துவிட்டது, எழுத்தை மீட்க உதவுங்கள்

கடல் கடந்து பனிநாட்டில் இருக்கும் நண்பருக்கு அப்பா டிசம்பரில் நாலு பக்கம் எழுதினார். ஜனவரியில் தவறிவிட்டார். அவர் கைப்பட எழுதியதில் அதுவே கடைசி. நண்பரின் வாசலுக்கு வெளியே தபால்பெட்டியில் பனி உருகி, கடிதம் உறையோடு ஊறிப்போயிற்று.

ஊற்றுப்பேனா, கழுவினால் போகும் ராயல் நீல மை, வழுவழுப்பான தாள். சாய மை என்பதால் கரைந்துவிட்டது. தண்ணீரில் எளிதில் கரையாத இரும்பு மையாக இருந்தால் தப்பியிருக்கும். முதல் தாள் பரவாயில்லை. இரண்டாவதில் "நீ வரும்போது" வரை தெரிகிறது. அதற்குக் கீழே ஒன்பது வரியும் வெளிர்நீலக் கறைதான்.

அந்த நண்பர் மாமா அதை மையொற்றும் தாள்களுக்கு நடுவே வைத்துக் காயவைத்தார். ஹேர் டிரையர் வேண்டாமென்று நான்தான் தடுத்தேன். ஸ்கேனில் சிவப்பு சேனலை, அதாவது படத்தின் சிவப்பு நிற அடுக்கை, மட்டும் பிரித்து (நீல மை அதில்தான் கருப்பாகத் தெரியும்) கான்ட்ராஸ்ட் கூட்டினேன், மூன்று சொற்கள் கிடைத்தன. பக்கவாட்டில் டார்ச் அடித்து நிப்பின் தடத்தையும் தேடினோம். அப்பா பேனாவை அழுத்தவே மாட்டார், மெதுவாக வருடுவதுபோல எழுதுவார். தடமே இல்லை.

இப்படிக் கரைந்த நீல மையை 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் படமெடுத்து யாராவது வாசித்திருக்கிறீர்களா?