கதிர் கட்டிய பத்து அங்குல இரை

யாழினி: கதிர் அண்ணா, ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறீர்களே, அது என்ன? முடியும் மினுமினுப்புமாக இருக்கிறது. பொம்மையா?

கதிர்: தூண்டில் இரை யாழினி. ஸ்ட்ரீமர் என்பார்கள். மான் வால் முடி, சேவல் இறகு, ஜிகினா இழை எல்லாம் சேர்த்து நூலால் கட்டியது. தண்ணீரில் இழுத்தால் மீன் நீந்துவது போலவே இருக்கும். பத்து அங்குலம். மஸ்கி என்ற மீனுக்கு.

முருகன் மாமா: மருமகனே, இரையே பத்து அங்குலமா! அப்படியானால் மீன்?

கதிர்: நான்கு அடிக்கும் மேலே வளரும் மாமா. இங்கே அமெரிக்காவின் விஸ்கான்சினில் மாநில மீனே அதுதான். ஹேவர்ட் என்ற ஊரில் 143 அடி நீளத்துக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அதன் வாய்க்குள் ஏறி நின்று ஊரைப் பார்க்கலாம்.

முருகன் மாமா: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் இரண்டு துண்டாக இருக்கிறதே, அறுந்துவிட்டதா?

கதிர்: இல்லை மாமா, வேண்டுமென்றே அப்படிக் கட்டுவது. முன்னால் ஒரு தூண்டில் முள், பின்னால் ஒரு முள், இரண்டையும் வளையும் கம்பியால் கோத்து நடுவில் இரண்டு பாசிமணி. இழுக்கும்போது நேராக வரும். இழுப்பதை நிறுத்தினால் தலை சட்டென்று நிற்கும், வால் பாதி வந்த வேகத்திலேயே சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பும். அடிபட்ட மீன் துவளுவது மாதிரி. பின்னாலேயே வரும் மஸ்கி பெரும்பாலும் அந்த நொடியில்தான் பாயும். நாம் இழுக்காதபோது இரை என்ன செய்கிறது என்பதற்காகத்தான் இவ்வளவு வேலையும்.

கதிர்: இன்னொன்றும் உண்டு. ஒரே நீளமான முள்ளாக இருந்தால் மீன் தலையை உதறும்போது அதையே நெம்புகோலாக்கிக் கழற்றிவிடும். மூட்டு இருந்தால் அந்தப் பிடி கிடைக்காது.

முருகன் மாமா: சரிதான். ஆனால் அவ்வளவு முடியும் நனைந்தால் துணி மூட்டை மாதிரி கனக்குமே, எப்படி வீசுகிறாய்?

கதிர்: நல்ல கேள்வி மாமா. முடியைக் கொஞ்சமாகத்தான் வைக்க வேண்டும். நுனி முன்பக்கம் பார்க்க வைத்துக் கட்டி, அப்புறம் பின்னால் தள்ளி நூலால் நிறுத்துவேன். குடை மாதிரி விரிந்து நிற்கும், உள்ளே வெற்றிடம். மேலே தூக்கியதும் தண்ணீர் வடிந்துவிடும். மான் வாலின் அடிப்பக்க முடிதான் இதற்கு ஏற்றது. உள்ளே துளை இருப்பதால் நூலை இறுக்கினால் தானே விரியும். நுனிப்பக்க முடி அவ்வளவாக விரியாது, அதை இரையின் வால் பகுதிக்கு வைத்துக்கொள்வேன்.

செல்வி சித்தி: கதிரு, இந்தக் குளிரில் ஆற்றில் போய் நிற்கிறாயா? காதை மூடிக்கொண்டு போப்பா.

கதிர்: படகில்தான் சித்தி, குல்லா போட்டிருக்கிறேன். அக்டோபர், நவம்பர்தான் பெரிய மீன் நன்றாக இரை எடுக்கும் காலம்.

யாழினி: கடித்ததும் கம்பைத் தூக்க வேண்டுமா அண்ணா?

கதிர்: தூக்கவே கூடாது. கம்பு தண்ணீரைப் பார்த்தபடியே இருக்க, கையால் கயிற்றை வெடுக்கென்று இழுக்க வேண்டும். அதன் வாய் முழுக்க எலும்பும் பல்லும். தூக்கினால் முள் வழுக்கிவிடும். பல்லுக்காக இரைக்கு முன்னால் ஒரு துண்டு எஃகுக் கம்பியும் கட்டுவோம். படகு வரைக்கும் வந்தும் கடிக்கவில்லை என்றால் கம்பு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு எட்டு போட வேண்டும், வளைவுகளை அகலமாக. காலடியிலேயே கடிக்கும்.

செல்வி சித்தி: பிடித்ததைச் சமைப்பீர்களா?

கதிர்: விட்டுவிடுவோம் சித்தி. மஸ்கி வளரப் பல வருடம் ஆகும். அதனால் முள்ளில் பின்பக்கம் பார்த்து நிற்கும் சின்னக் கூரை, அதாவது எதிர்ப்பல்லை, குறட்டால் நசுக்கிவிடுவேன், சுலபமாகக் கழலும். மீனை வலைக்குள் தண்ணீரிலேயே வைத்துக் கழற்றுவோம். கோடையில் தண்ணீர் 27 டிகிரியை நெருங்கினால் மஸ்கி பக்கமே போக மாட்டேன். அந்தச் சூட்டில் போராடிக் களைத்த மீன் விட்டாலும் செத்துப்போகும்.

முருகன் மாமா: நல்ல பழக்கம். மருமகனே, நம்ம குளத்து விராலுக்கு இது ஆகுமா? தவளை குத்திப் போட எனக்கு இப்போது மனம் வருவதில்லை.

கதிர்: ஆகும் மாமா, ஆனால் இரட்டை முள் வேண்டாம். தாமரைக் கொடியில் பின்முள் மாட்டிக்கொண்டே இருக்கும். மூன்று அங்குலம், ஒரே முள், நுனி மேலே பார்த்தபடி, பாசி சிக்காமல் இருக்க முன்னால் வளைந்த கம்பி. தலையில் மான் முடியை நெருக்கிக் கட்டிக் கத்தரித்தால் மிதக்கும். பொங்கலுக்கு வரும்போது கட்டி எடுத்து வருகிறேன்.

முருகன் மாமா: கறுப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று கட்டு. காலையில் கறுப்புதான் எடுபடும்.