நல்ல எண்ணத்தில் செய்தால் பாவம் பாவமில்லையா? யூத மரபு என்ன சொல்கிறது?

கேள்வி:
நல்ல நோக்கத்தோடு செய்த பாவம், வேறு நோக்கத்தில் செய்த நற்செயலைவிடப் பெரியது என்று யூதர்களின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதில் ஒரு கூற்று வருகிறது. அப்படியானால் எண்ணம் சரியாக இருந்தால் எதையும் செய்துவிடலாமா?

பதில் 1:
அந்த ஒரு வரியோடு நிறுத்திவிடாதீர்கள். அது தல்மூதின் நாசீர் பகுதியில், பைபிளில் வரும் யாயேல் என்ற பெண்ணின் கதையை ஒட்டி வருகிறது. எதிரிப் படைத்தலைவன் சிசெராவைக் கொல்ல அவள் அவனோடு உறவுகொண்டாள் என்பது ரபிகளின், அதாவது யூத மத அறிஞர்களின், வாசிப்பு. ஆனால் அடுத்த வரியிலேயே மறுப்பு வந்து, பெரியது இல்லை, சமம்தான் என்று இறங்கி வந்துவிடுகிறார்கள்!

பதில் 2:
தல்மூதின் சுக்கா பகுதியையும் பாருங்கள். கூடாரப் பண்டிகைக்குத் திருடிய குருத்தோலையை எடுத்து வந்தால் அந்தக் கடமை நிறைவேறாது, ஏனென்றால் அது பாவத்தின் வழியாக வந்த நற்செயல். பக்தி எவ்வளவு இருந்தாலும் சரி, ஓலை திருட்டு ஓலைதான்.

கேட்டவர்:
அப்புறம் உயிரைக் காப்பாற்ற ஓய்வுநாளை மீறலாம் என்கிறார்களே?

பதில் 1:
அது வேறு. அங்கே சட்டமே மீறச் சொல்கிறது, உங்கள் நல்ல மனசைப் பொறுத்ததில்லை. அதிலும் சிலை வழிபாடு, தகாத உறவு, கொலை மூன்றுக்கும் விலக்கு கிடையாது.

பதில் 3:
பாவத்தின் வழியே மீட்பு என்று கிளம்பினால் எங்கே போய் முடியும் என்பதற்குச் சப்பத்தாய் செவியைப் பாருங்கள். மெசியா, அதாவது யூதர்கள் எதிர்பார்க்கும் மீட்பர், என்று நம்பப்பட்டவர், 1666இல் இஸ்லாமுக்கு மாறினார், அதையும் புனிதச் செயல் என்றே விளக்கினார்கள் சில சீடர்கள்.