உறவுமுறை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

கோவில்பட்டியிலிருந்து ஒரு தாய்:

2023 ஏப்ரல். தன்பாலினத் திருமண வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. இது நகர்ப்புற மேல்தட்டினரின் பார்வை என்று மத்திய அரசு மனுவில் சொன்னதைத் தொலைக்காட்சியில் கேட்டபோது நான் வடகத்துக்கு மாவு கிளறிக்கொண்டிருந்தேன். அடிப்பிடித்ததுகூடத் தெரியாமல் நின்றுவிட்டேன். எங்கள் வீட்டில் யார் மேல்தட்டு? என் கணவர் தீப்பெட்டி ஆலையில் கணக்கு எழுதியவர். கோவையில் வேலை பார்க்கும் என் மகளோடு ஒன்பது ஆண்டுகளாக வாழ்பவளை, ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் 'கூடத் தங்கியிருக்கும் பெண்' என்றே சொல்லிவந்தேன்.

அந்த ஜூன் மாதம் மகளுக்கு நள்ளிரவில் குடல்வால் வலி. தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியவள் அந்தப் பெண்தான். முன்பணம் கட்டியவளும் அவள். படிவத்தில் 'உறவுமுறை' என்ற கட்டத்தில் 'தோழி' என்று எழுதினாளாம். பணத்தை வாங்கிக்கொண்டவர்கள் கையெழுத்தை வாங்கவில்லை. பெற்றோர் வரட்டும் என்றார்கள். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர ஏழு மணி நேரம் ஆயிற்று. மகளின் செருப்பை மடியில் வைத்தபடி நடைவழியில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, "அம்மா, முதலில் கையெழுத்துப் போடுங்கள்" என்று பேனாவை நீட்டினாள். விடிய விடிய வலியைப் பார்த்தவளின் கையெழுத்து செல்லாது, அப்போதுதான் வந்து இறங்கிய என் கையெழுத்து செல்லும்! கை நடுங்கிவிட்டது எனக்கு.

அக்டோபர் 17 அன்று தீர்ப்பு வந்தது. திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்றுபட்டார்கள். சேர்ந்து வாழ்வதற்காவது அங்கீகாரம் வேண்டும் என்றவர்கள் இருவர்தான். மற்றதை நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். 2024 தேர்தலில் வாசலுக்கு வந்த வேட்பாளரிடம் இதைக் கேட்டேன். "குடிதண்ணீர் பற்றிக் கேளுங்கள் அம்மா" என்றார். தண்ணீருக்குப் போன தேர்தலிலேயே கேட்டாயிற்று என்றேன்.

மதுரையிலிருந்து ஒருவர்:

அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். தன்பாலின உறவு குற்றமல்ல என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2009-இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பரில் புரட்டிப்போட்டது. அதைக் குற்றமாக்கிய 377-ஆவது சட்டப்பிரிவுக்கு மறுபடி உயிர் வந்தபோது எனக்கு வயது 19. அந்த மாதமே அப்பா என்னைக் 'குணப்படுத்த' ஒரு மருத்துவரிடம் அழைத்துப்போனார். எட்டு மாதம் மாத்திரை. நாக்கு தடித்து, என் பெயரையே குழறித்தான் சொல்வேன்.

உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6 தீர்ப்பு என்னைக் குற்றவாளிப் பட்டியலிலிருந்து நீக்கியது. நோயாளிப் பட்டியலிலிருந்து நீக்கியது 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம். அந்த வழக்கைத் தொடுத்த, இணையரான இரு பெண்களும் எங்கள் மதுரையிலிருந்து சென்னைக்குப் போனவர்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இதில் தெளிவு போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே தீர்ப்பு எழுதினார். இப்படிப்பட்ட 'சிகிச்சை'களுக்குத் தடை விதித்தார். அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. அந்தச் செய்தி வந்த நாளிதழை அப்பாவின் சாய்வு நாற்காலியில் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அலமாரியில் இருந்த பழைய மருந்துச் சீட்டுகளைக் காணோம்.

மீண்டும் கோவில்பட்டித் தாய்:

தம்பி, உங்கள் அப்பாவை விட்டுவிடாதீர்கள். அந்தச் சீட்டுகளைக் கிழித்தது அவராகத்தான் இருக்கும்.

2024 ஆகஸ்டில் இப்படி வாழ்பவர்கள் வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கலாம், ஒருவரை ஒருவர் அந்தக் கணக்குக்கு நியமனதாரராக (நாமினி) நியமிக்கலாம் என்று நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. மூவருமாகப் போனோம். அங்கேயும் அதே கட்டம். இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். 'இணையர்' என்று எழுதச் சொன்னேன்.

மருத்துவமனைக்கு அது போதுமா என்ற பயம் எனக்கு இன்னும் இருக்கிறது. என் மகளின் சிகிச்சை குறித்து இவளே முடிவெடுக்கலாம் என்று நானும் என் கணவரும் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று இப்போது அவள் கைப்பையில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேதி மாற்றிப் புதிதாக எழுதிக் கொடுக்கிறேன்.