ஏபிஎம் (ஆப்பின் வேகத்தையும் பிழைகளையும் கண்காணிக்கும்) டூலை வாங்குவதா, ஓப்பன்டெலிமெட்ரியில் நாமே கட்டுவதா?

தறிநாடா:
சில்லறை விற்பனை நிறுவனம் ஒன்றின் ஆர்டர் சிஸ்டம். குபெர்னெட்டிஸில் (கன்டெய்னர்களை ஓட்டும் தளம்) 40 நோடு (சர்வர்), 25 ஸ்பிரிங் பூட் சர்வீஸ், எல்லாம் ஜாவா 11. நடுவில் செய்தி வரிசையாக காஃப்கா. கீழே 256 ஜிபி ரேம் உள்ள தனி சர்வரில் ஆரக்கிள் டேட்டாபேஸ். ஒதுக்குப்புறமாக ஜாவா 7-ல் ஓடும் பழைய வரிக்கணக்கு மாட்யூல். உச்ச நேரத்தில் நொடிக்கு 200 ரிக்வெஸ்ட். "ஆப் ஸ்லோ" என்று புகார் வந்தால் எந்த இடத்தில் மாட்டுகிறது என்று சொல்ல வழியில்லை. வணிக டூலான டைனாட்ரேஸ், டேட்டாடாக், ஓப்பன் சோர்ஸான ஓப்பன்டெலிமெட்ரி + ஜேகர். மூன்றில் எது?

ஓப்ஸ்காரன்:
டைனாட்ரேஸ். யோசிக்கவே வேண்டாம். நோடுல ஒன்ஏஜென்டை (அதோட கண்காணிப்பு நிரல்) இறக்கினா அதுவே ஜேவிஎம்-க்குள்ள (ஜாவா நிரலை ஓட்டுறது) புகுந்துக்கும். பாடை (குபெர்னெட்டிஸ்ல சர்வீஸ் ஓடுற அலகு) ஒருதடவை ரீஸ்டார்ட் பண்ணணும், அவ்வளவுதான். எந்த சர்வீஸ் எதைக் கூப்பிடுதுங்கிற வரைபடமும் தானா வந்துடும். ஓப்பன்டெலிமெட்ரின்னு ஆரம்பிச்சா தரவை வாங்கி அனுப்புற கலெக்டர், டிரேஸுக்கு (ஒரு ரிக்வெஸ்ட் போன வழியோட பதிவு) ஜேகர், மெட்ரிக்குக்கு (அளவீடு) புரோமிதியஸ், டாஷ்போர்டுக்கு கிராஃபானா, லாக்குக்குத் தனியா ஒண்ணுன்னு அஞ்சு சாமானை மேய்க்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு அதுல ஒண்ணு படுத்தா யார் எழுந்து வர்றது?

ஆற்றுமணல்:
ஒப்பீடே தப்பு. ஓப்பன்டெலிமெட்ரி அளவெடுக்கும் பக்கம். டைனாட்ரேஸ், டேட்டாடாக், ஜேகர் எல்லாம் சேமித்துக் காட்டும் பக்கம். 2019-ல் ஓப்பன்டிரேசிங்கும் ஓப்பன்சென்சஸும் ஒன்றாகி இது பிறந்ததே இந்த இரண்டையும் பிரித்து வைக்கத்தான். நீங்கள் சொன்ன வணிக டூல் இரண்டுமே ஓப்பன்டெலிமெட்ரியின் ஓடிஎல்பி வடிவத் தரவை வாங்கிக்கொள்ளும். அளவெடுப்பதை ஓப்பன்டெலிமெட்ரியில் வைத்தால் நாளை டூலை மாற்றும்போது கலெக்டரில் எக்ஸ்போர்ட்டர் முகவரியை மாற்றினால் போதும். ஒன்ஏஜென்ட் போல இல்லாமல் இதற்கு ஒவ்வொரு சர்வீஸின் டிப்ளாய்மென்ட் ஃபைலையும் தொட வேண்டும், ஆனால் அது பெரிய வேலை இல்லை. ஓப்பன்டெலிமெட்ரி ஆபரேட்டர் போட்டால் சர்வீஸுக்கு ஒரு அனோட்டேஷன் வரிதான்.

ஓப்ஸ்காரன்:
மாத்தலாம், ஆனா முகவரியோட முடியாது நண்பரே. டாஷ்போர்டு, அலர்ட் விதி, ஆன்-கால் இணைப்பு எல்லாம் அந்தந்த டூலோட மொழியில இருக்கு. அதை யார் திருப்பி எழுதுறது?

கணக்குப்பிள்ளை:
வசதியைப் பேசும் முன் பில் எந்த அலகில் வருகிறது என்று பாருங்கள்.

டைனாட்ரேஸ் முழுக் கண்காணிப்புக்கு சர்வரின் நினைவக அளவில் காசு. அந்த 256 ஜிபி ஆரக்கிள் சர்வரில் முழு மோடில் ஏஜென்ட் போட்டால் 16 ஜிபி நோடு பதினாறுக்குச் சமம். அங்கே ஜாவா கோடே இல்லை, அதனால் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் மோடு போதும். அது நினைவகத்தைப் பார்க்காது, சர்வர் கணக்கு. நிறுவும்போதே மாற்றி வையுங்கள்.

டேட்டாடாக் சர்வர் எண்ணிக்கையில். மாதத்தின் ஒவ்வொரு மணி நேரமும் எத்தனை சர்வர் என்று எடுத்து, உச்சியில் உள்ள 1 சதவீதத்தைத் தள்ளிவிட்டு, மிச்சத்தில் எது அதிகமோ அதற்கு பில். 720 மணி நேரத்தில் 1 சதவீதம் என்றால் ஏழு மணி சொச்சம். தீபாவளி விற்பனைக்கு இரண்டே நாள் 40 நோடை 90 ஆக்கினால் மாதம் முழுக்க 90-க்குக் கட்ட வேண்டும். இதைத் தவிர கஸ்டம் மெட்ரிக் தனி. யாராவது ஒரு மெட்ரிக்கில் வாடிக்கையாளர் எண்ணை டேகாகப் போட்டால் ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஒரு தனி மெட்ரிக் ஆகிவிடுவார்.

ஓப்ஸ்காரன்:
சொந்தமா கட்டினா இலவசமா? வட்டுக் கணக்கையும் போடுங்க பிள்ளைவாள்.

கணக்குப்பிள்ளை:
போடலாமே. நொடிக்கு 200 ரிக்வெஸ்ட், ஒன்றுக்கு 25 ஸ்பான் (டிரேஸுக்குள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பதிவு), ஸ்பான் ஒன்று 500 பைட் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 2.5 எம்பி. நாள் முழுக்க உச்ச சுமையே ஓடினால் 216 ஜிபி. நிஜத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றாலும் 72 ஜிபி. ஜேகருக்கு அடியில் எலாஸ்டிக்சர்ச் வைத்தால் ரெப்ளிகா (நகல்) ஒன்று சேர்த்து அது இரட்டிப்பு. வட்டு 95 சதவீதம் நிரம்பினால் எலாஸ்டிக்சர்ச் இண்டெக்ஸில் எழுதுவதையே நிறுத்திவிடும். அன்றைக்குத்தான் டிரேஸ் தேவைப்படும்.

ஆற்றுமணல்:
அத்தனையையும் ஏன் வைக்கிறீர்கள்? சாம்ப்ளிங் (சில டிரேஸை மட்டும் வைத்துக்கொள்வது) எதற்கு இருக்கிறது? ஆனால் தொடக்கத்திலேயே 10 சதவீதம் என்று வெட்டினால் பிழைகளிலும் பத்துக்கு ஒன்பது போய்விடும். டிரேஸ் வந்து சேர்ந்த பிறகு முடிவெடுக்கும் டெயில் சாம்ப்ளிங் வையுங்கள்: பிழையான டிரேஸ் எல்லாம், ஒரு நொடிக்கு மேல் ஓடியது எல்லாம், மற்றதில் 5 சதவீதம்.

இதில் மூன்று இடத்தில் சறுக்கும். ஒரு டிரேஸின் எல்லா ஸ்பானும் ஒரே கலெக்டருக்குப் போக வேண்டும். கலெக்டர் இரண்டு இருந்தால் முன்னால் டிரேஸ் ஐடியைப் பார்த்துப் பிரித்தனுப்பும் இன்னொரு அடுக்கு தேவை. அடுத்து, முடிவெடுக்க இயல்பாக 30 நொடி காத்திருக்கும், நினைவில் 50,000 டிரேஸ் வைத்திருக்கும். 200 ரிக்வெஸ்டுக்கு 6,000 தான், கவலையில்லை. விற்பனை நாளில் 2,000-ஐத் தொட்டால் 60,000. பழையது முடிவாகும் முன்பே கழிந்துபோகும். கடைசியாக, ரிக்வெஸ்ட் எண்ணிக்கை, பிழை விகித மெட்ரிக்குகளை சாம்ப்ளிங்குக்கு முன்னால் கணக்கிடுங்கள். பின்னால் கணக்கிட்டால் பிழை விகிதம் ஊதிப் பெருத்துத் தெரியும்.

ஓப்ஸ்காரன்:
பாத்தீங்களா? நான் சொன்ன ரெண்டு மணி இதுதான்.

இண்டெக்ஸ்இல்லாதவன்:
டேட்டாபேஸ் பக்கமிருந்து ஒன்று. எல்லா டூலும் "எஸ்க்யூஎல் 20 மில்லிசெகண்ட்" என்று பச்சை காட்டும், ரிக்வெஸ்ட் மட்டும் நொடிக்கணக்கில் தொங்கும். டிரேஸைத் திறந்து தாய் ஸ்பானுக்கும் எஸ்க்யூஎல் ஸ்பானுக்கும் இடையில் காலியாக இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். பெரும்பாலும் கனெக்‌ஷன் பூலில் (டேட்டாபேஸ் இணைப்புகளின் பொதுத் தொகுப்பு) வரிசையில் நின்ற நேரம் அது. ஸ்பிரிங் பூட்டில் வரும் ஹிகாரிக்கு இயல்பான பூல் அளவு 10, காத்திருப்பு எல்லை 30 நொடி. ரிக்வெஸ்டுகள் சரியாக 30 நொடியில் அறுந்தால் ஆரக்கிளைத் திட்டாதீர்கள். ஓப்பன்டெலிமெட்ரி ஜாவா ஏஜென்டில் டேட்டாசோர்ஸ் ஸ்பான் இயல்பாக அணைந்திருக்கும். அதை இயக்கினால் கனெக்‌ஷன் கேட்ட நேரம் தனி ஸ்பானாகத் தெரியும்.

எஸ்க்யூஎல்லே நான்கு நொடி என்றால் ஏன் என்று ஏபிஎம் முழுசாகச் சொல்லாது. அதற்கு, டேட்டாபேஸ் எதற்காகக் காத்திருந்தது என்று காட்டும் வெயிட் ஈவென்ட் வேண்டும். அதைத் தொகுத்துத் தரும் ஆரக்கிளின் ஏடபிள்யூஆர் அறிக்கையைப் பார்க்க டயக்னாஸ்டிக்ஸ் பேக் உரிமம் தேவை, இல்லையென்றால் ஸ்டாட்ஸ்பேக்.

கணக்குப்பிள்ளை:
வெளி கிளவுடுக்கு டிரேஸ் போகிறதென்றால் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனதில் வையுங்கள். எஸ்க்யூஎல்லில் நேரடியாக எழுதிய மதிப்புகளை ஏஜென்ட் கேள்விக்குறியாக்கிவிடும். ஆனால் யூஆர்எல்லில் மொபைல் எண் இருந்தால் அப்படியே போகும். கலெக்டரிலேயே அந்தப் புலத்தை அழிக்கும் விதி எழுதிவிட்டு அனுப்புங்கள்.

தறிநாடா:
நன்றி. ஜாவா 7 மாட்யூலை என்ன செய்ய? அப்புறம், ஒரே பாடில் டைனாட்ரேஸ், ஓப்பன்டெலிமெட்ரி இரண்டு ஏஜென்டையும் போட்டு ஒப்பிடலாமா?

ஆற்றுமணல்:
போடவே கூடாது. இரண்டுமே வகுப்பு ஏறும்போது பைட்கோடை மாற்றும். ஒன்றின் ஸ்பான் மற்றதற்குள் சிக்கும், டிரேஸ் ஐடியைச் சுமக்கும் டிரேஸ்பேரன்ட் ஹெடரை ஒன்று எழுத மற்றது மேலெழுதும், எது எவ்வளவு சுமை சேர்த்தது என்றும் பிரிக்க முடியாது. ஒரே சர்வீஸின் இரண்டு டிப்ளாய்மென்டில் ஆளுக்கு ஒன்று. டெஸ்ட் சூழலில் வேண்டுமென்றே மூன்று பழுது செய்யுங்கள்: ஒரு இண்டெக்ஸை நீக்குவது, பூல் அளவை 2 ஆக்குவது, வெளி பேமென்ட் அழைப்பில் ஐந்து நொடி தாமதம். அந்த சர்வீஸை எழுதாத ஒருவரிடம் கொடுத்து, காரணம் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். டாஷ்போர்டு அழகை இதில் சேர்க்காதீர்கள்.

ஜாவா 7-க்கு ஓப்பன்டெலிமெட்ரி ஏஜென்ட் ஏறாது, குறைந்தது 8 வேண்டும். அதைக் கூப்பிடும் சர்வீஸின் எச்டிடிபி ஸ்பானில் வெளியிலிருந்து எடுத்த நேரம் தெரியும், இப்போதைக்கு அது போதும்.

ஓப்ஸ்காரன்:
போதாது. வரிக்கணக்கு தப்பினா பில்லே நிக்கும், உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியணும். எந்த வணிக ஏஜென்ட் ஜாவா 7-ஐ இன்னும் ஏத்துக்குதுன்னு அவங்க ஆதரவுப் பட்டியலை வாங்கிப் பாத்துட்டு அப்புறம் முடிவெடுங்க. இன்னொண்ணு: எந்த ஏஜென்டா இருந்தாலும் ஜேவிஎம் எழும்ப நேரம் கூடும். சிபியு லிமிட் அரை கோர்னு இறுக்கி வச்சு, லைவ்னஸ் புரோபை (உயிரோட இருக்கான்னு குபெர்னெட்டிஸ் பாக்குற சோதனை) 30 நொடியில ஆரம்பிச்சா, எழும்புறதுக்குள்ள குபெர்னெட்டிஸ் கொன்னுடும், மறுபடி எழும்பும், மறுபடி கொல்லும். எழும்பி முடியுற வரைக்கும் அந்தச் சோதனையைத் தள்ளி வைக்கிற ஸ்டார்ட்அப் புரோப் போட்டுட்டு அப்புறம் ஏஜென்டைச் சேருங்க.