மறுமொழி: 'கண் அழுத்த நோய்' என்ற பெயர் சரிதானா?

குழுவினருக்கு வணக்கம்.

நோயாளிகளுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கும்போது கிளாக்கோமாவுக்கு (பார்வை நரம்பு மெல்ல மெல்லச் சிதையும் நோய்; 'கண் அழுத்த நோய்' என்று வழங்குகிறது) வேறு சொல் கேட்டு இந்த இழையைத் தொடங்கினேன். இத்தனை மடல் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்தான்.

> கண் அழுத்த நோய் என்றே இருக்கட்டும். மக்களுக்குப் பழகிவிட்டது.

பழகியதுதான் சிக்கல். என் அத்தைக்கு இந்த நோய் உண்டு. சொட்டு மருந்தை நடுவில் நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டால், "பிரஷருக்குத்தான் தினமும் மாத்திரை போடுறேனே, கண்ணுக்கு வேற தனியா எதுக்கு?" என்கிறார். அவர் மீது என்ன தப்பு? அழுத்தம் என்றோம், அவருக்குத் தெரிந்த அழுத்தத்தோடு சேர்த்துக்கொண்டார்.

மருத்துவக் கணக்கிலும் இந்தப் பெயர் நிற்காது. 21 மி.மீ. பாதரசத்துக்கு மேல் போனால் கூடுதல் என்கிறோமே, அந்த 21 எப்படி வந்தது? 1958இல் லைடெக்கரும் உடன் ஆய்ந்தவர்களும் நோயற்ற பத்தாயிரம் பேருக்கு உள்விழி அழுத்தத்தை அளந்து பார்த்தார்கள். சராசரி 15.5. அதோடு இரண்டு திட்டவிலக்கத்தை (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதன் கணக்கு) கூட்டினால் கிட்டத்தட்ட 21. புள்ளியியல் போட்ட கோடு அது. நோய் தாக்குகிற பார்வை நரம்புக்கு அந்தக் கோடு தெரியாது. ஜப்பானில் தஜிமி நகரத்தில் 40 வயதைத் தாண்டியவர்களைச் சோதித்தபோது, திறந்தகோண வகை (விழிக்குள் நீர் வடியும் கோணம் மூடாமல் இருக்கும் வகை) நோய் இருந்தவர்களில் 92 விழுக்காட்டினருக்கு அழுத்தம் 21ஐத் தாண்டவே இல்லை. அவர்களிடம் கண் அழுத்த நோய் என்று சொன்னால், "அளந்து பார்த்து நார்மல் என்றீர்களே?" என்று திருப்பிக் கேட்பார்களா, மாட்டார்களா?

தலைகீழாகவும் பார்க்கலாம். அழுத்தம் மட்டும் கூடி, நரம்பு நன்றாக இருந்த 1,636 பேரை அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு தொடர்ந்து கவனித்தது. 2002இல் முடிவு வந்தது. மருந்து கொடுக்கப்படாத பிரிவிலேயே ஐந்தாண்டில் 9.5 விழுக்காட்டினருக்குத்தான் நோய் வந்தது. மருந்து போட்டவர்களில் 4.4. ஆக, அழுத்தத்தைக் குறைத்தால் பலன் பாதிக்குப் பாதி. அதனால் அழுத்தம் பொருட்டில்லை என்று நான் சொல்லவரவில்லை. நம்மால் குறைக்க முடிந்த கூறு இன்றைக்கு அது ஒன்றுதான். ஆனால் அது நோயின் பெயராக முடியாது.

> மூலச்சொல் கிரேக்கத்தில் நீலப்பச்சையைக் குறிக்கும். 'பசுவிழி நோய்' எனலாம்.

ஜப்பானியரும் பச்சையை வைத்துத்தான் பெயரிட்டிருக்கிறார்கள். ஆனால் நம் ஊர் நோயாளியின் கண்ணில் பச்சை எங்கே தெரிகிறது? தவிர, பசு என்றதும் மாடுதான் ஞாபகம் வரும்.

> கண்நீர் அழுத்த நோய்?

ஐயா, கண்ணும் நீரும் புணர்ந்தால் கண்ணீர்! நன்னூலே கைவிட்டுவிடும். விழிக்குள் சுரந்து வடிவதை 'விழியகநீர்' என்று வைத்துக்கொள்ளலாம்.

என் பரிந்துரை: பார்வை நரம்புக் குழிவு, சுருக்கமாக நரம்புக்குழிவு. முதலில் 'நரம்பு நலிவு' என்று எழுதிப் பார்த்தேன். லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியர்களின் நரம்புத் தளர்ச்சி விளம்பரம் நினைவுக்கு வந்ததும் அடித்துவிட்டேன். பார்வை நரம்பைத் தாக்கும் நோய்கள் பல இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் நரம்புவட்டு (விழியின் பின்புறம் நரம்பு தொடங்கும் வட்டமான இடம்) வெளிறும். இதில் வட்டின் நடுக்குழி அகன்றுகொண்டே போகும். மருத்துவர் விளக்கைப் பிடித்துத் தேடுவதும் அதைத்தான்.

அடுத்து 'ஆபத்துக் காரணி' (ரிஸ்க் ஃபாக்டர்). காரணி என்றதும் காரணம் என்றே படிக்கிறார்கள். மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில் கருவிழி (கார்னியா) மெல்லியதாக இருந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அதற்காக மெல்லிய கருவிழிதான் நோயை உண்டாக்குகிறது என்று சொல்லிவிட முடியுமா? வயதும் பட்டியலில் இருக்கிறது. 'இடர்க்கூறு' போதும்.

இனி அறுவை. டிராபெகுலெக்டமியை (விழியகநீர் வெளியேற வழி வெட்டும் அறுவை) அப்படியே 'வலைத்திசு நீக்கம்' என்று பெயர்த்திருந்தார் நண்பர். மூலப்பெயரே பிழை என்பது வேடிக்கை. 1968இல் கேம்பிரிட்ஜில் கெய்ர்ன்ஸ் இதை வெளியிட்டபோது, வலைத்திசுவில் (விழியகநீர் வடியும் சல்லடை போன்ற திசு) ஒரு துண்டை வெட்டினால் நீர், அதை அடுத்து இயல்பாக ஏந்திச் செல்லும் ஷ்லெம் கால்வாயின் வெட்டுமுனைகளுக்குள் போகும் என்று நினைத்தார். நீரோ வெள்ளைவிழியில் வைத்த மடிப்பின் ஓரமாகக் கசிந்து, மேலே இருக்கும் மெல்லிய சவ்வுக்கு அடியில் குமிழியாகத் தேங்கியது. அறுவை பலித்தது, காரணம் வேறாகப் போனது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவர்கள் பிழையை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

ஏரிக்கரையில் வளர்ந்தவர்களுக்குக் கலிங்கு தெரியும். நீர் மட்டம் மீறினால் கரை உடையாமல் மிச்ச நீரை வழியவிடும் இடம். இந்த அறுவை செய்வதும் அதுதான்: 'கலிங்கு அறுவை'. 'மதகு' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அதை, நீரை வெளியேற்றக் கண்ணில் பொருத்தும் குழாய்களில் வால்வு வைத்ததற்கு ஒதுக்கலாம் என்பேன். அகமது வால்வு என்ற குழாய் ஏறக்குறைய 8 முதல் 12 மி.மீ. அழுத்தத்தில் திறக்கும்படி அமைந்தது. மதுரையில் கண் மருத்துவப் பொருள்கள் செய்யும் ஆரோலேப் நிறுவனத்தின் குழாயில் வால்வு கிடையாது. முதல் சில வாரம் அதை நூலால் இறுக்கிக் கட்டி வைப்பார்கள், அவ்வளவுதான். அது வெறும் 'வடிகுழாய்'.

ஏரியைப் பிடித்துக்கொண்டால் மிச்சச் சொற்கள் தானாக வருகின்றன. வழி தழும்பேறி அடைபடுகிறதா? தூர்ந்துபோகிறது. அதைத் தடுக்கத்தான் அறுவையின்போது மைட்டோமைசின் என்ற மருந்தை வைப்பது. அப்புறம் ஊசியால் குமிழியைக் கீறிவிடுவது தூர்வாருதல். எந்த அகராதியைப் புரட்டினாலும் இதைவிட நல்ல சொல் கிடைக்காது.

கடைசியாக விளைவு. கையேட்டின் வரைவில் 'தகுதியான வெற்றி' (qualified success) என்று ஒன்றைப் பார்த்துத் திகைத்தேன். அறுவைக்குப் பிறகும் சொட்டு மருந்தின் துணையோடு அழுத்தம் இலக்குக்குள் நின்றால் அதற்குக் கொடுக்கும் பெயர் அது. தகுதி எங்கே வந்தது? 'முழு வெற்றி', 'மருந்துத்துணை வெற்றி' என்று பிரிக்கலாம். 'தோல்வி'யிலும் எச்சரிக்கை வேண்டும். ஏற்கெனவே கண் அறுவை செய்துகொண்டவர்களிடம் குழாயையும் கலிங்கையும் ஒப்பிட்ட ஆய்வில், ஐந்தாண்டு முடிவில் குழாய்க்கு 29.8, கலிங்குக்கு 46.9 விழுக்காடு தோல்வி. படிப்பவர் பாதிப் பேருக்குப் பார்வை போய்விட்டது என்று நினைத்துவிடுவார். அழுத்தம் 21க்கு மேல் நின்றாலும், ஐந்தில் ஒரு பங்காவது குறையாவிட்டாலும், 5க்கோ அதற்கும் கீழோ இறங்கிவிட்டாலும் அங்கே தோல்விக் கணக்குதான். 'இலக்குத் தவறல்' என்றால் பயமும் குறையும், பொருளும் சரியாகும்.

உங்கள் கருத்துக்குக் காத்திருக்கிறேன்.

———

> நரம்புக்குழிவு

கலிங்குக்கு என் ஓட்டு. குழிவில் ஒரு தடை. நோயில்லாத கண்ணின் நரம்புவட்டிலும் குழி உண்டே? அதை என்னவென்று சொல்வது?

———

அதைக் 'குழி' என்றே விடலாம். அது பெரிதாகிக்கொண்டே போவது 'குழிவு'. தேய்வு, சரிவு மாதிரி நடப்பதைக் குறிக்கும் சொல்லாக எடுத்துக்கொள்ளுங்கள். குழிக்கும் வட்டுக்கும் உள்ள விகிதத்தைக் 'குழி-வட்டு விகிதம்' என்று எழுதினால் மோதாது. கையேட்டின் முதல் பக்கத்தில் 'நரம்புக்குழிவு (கிளாக்கோமா)' என்று ஒருமுறை போட்டுவிடுகிறேன். மருந்துச்சீட்டில் இருக்கும் பெயரும் அத்தைக்குத் தெரிய வேண்டுமே.